ஊ. செண்பகவல்லி

எங்கள் வளவில் மொத்தம் எட்டு வீடு, எட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய், எட்டு நாளைக்கு ஒரு முறை அதில் தண்ணீர், அந்தத் தண்ணீரில் தலைக்கு நாலு குடம் என்று ஒரு சட்டம். இத்தனை ஒழுங்கோடு நாங்கள் கோவில்பட்டியில் குடியிருந்த காலத்தில்தான், மூன்றாம் வீட்டுச் செண்பகவல்லிக்கு வந்த மெயில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, செத்து மூன்று வருஷமான அவளுடைய அப்பா திரும்பி வந்தார்.

நான் ஐந்தாம் வீடு. செண்பகவல்லியின் அம்மா அவள் ஐந்தாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா ஊர்க்காவலன் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர், கழுத்தில் விசிலும் கையில் சின்ன நோட்டுமாக நிற்பார், ஒருநாள் மத்தியானம் நிழற்குடையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு அந்தப் பெண் தனியாகத்தான் இருந்தாள். நாங்கள் எல்லாரும் "பாவம்" என்போம், சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வோம். பொங்கலுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுப்போம். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வரும்போது அவள் வாசலில் இரண்டு வார்த்தை பேசுவதற்காக நிற்பாள், எங்களுக்கு அடுப்பில் ஏதாவது வேலை இருக்கும். இதை இப்போது சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

எம்.எஸ்ஸி. கணிதம் முடித்தவள், மெயின் ரோட்டுக் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து ஊரார் எல்லாருக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தனக்கும் நிரப்பினாள். சென்னையில் இருக்கும் அந்தப் பெரிய கம்பெனி அவள் எழுதிப் போட்ட நாற்பதாவது இடம். படிப்பு முடித்து இரண்டு வருஷத்துக்குள் இருப்பவர்களைத்தான் ஃப்ரெஷர் என்று எடுப்பார்களாம். அவளுக்கு அந்த இரண்டு வருஷம் வருகிற ஜூனோடு முடிகிறது. அதற்குப் பிறகு அவள் ஃப்ரெஷரும் இல்லை, அனுபவம் உள்ளவளும் இல்லை, எந்தக் கட்டத்திலும் டிக் அடிக்க முடியாத ஆள்.

விண்ணப்பத்தில் லாஸ்ட் நேம் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது லாஸ்ட் நேம்? நமக்கு இருப்பது இனிஷியல். அவளுடைய இனிஷியல் "ஊ". பள்ளிக்கூடத்தில் டீச்சர் "ஊ. செண்பகவல்லி" என்று பெயர் கூப்பிடும்போதெல்லாம் பின் பெஞ்சு முழுக்க "ஊ... ஊ..." என்று ஊளையிடும், அவள் அழுதுகொண்டே "உள்ளேன் டீச்சர்" சொல்வாள். அந்த ஒற்றை எழுத்தைக் கட்டத்தில் போட்டாள். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பில் எழுதிக்காட்டியது. புள்ளி வைத்துப் பார்த்தாள், அதற்கும் சிவப்பு. ஊருக்கே எப்படி நிரப்பிக் கொடுப்பாளோ அப்படியே தனக்கும், அப்பாவின் முழுப் பெயரையும் அதில் தட்டினாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

பத்து நாள் கழித்து மெயில் வந்தது. "அன்புள்ள ஊர்க்காவலன், முதல் சுற்றில் நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள். வாழ்த்துகள்."

மறுநாள் தண்ணீர் வரும் நாள். விடிந்தும் விடியாமல் குடத்தோடு நாங்கள் வெளியே வந்தால், மூன்றாம் வீட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறது, இடதுகால் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது. அந்த ஊக்கு எட்டு வீட்டுக்கும் தெரிந்த ஊக்கு. எட்டாம் வீட்டுப் பேச்சியம்மாள், குழாய்க்கு அவள்தான் அதிகாரி, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"ஏ செம்பகம், ஒங்கப்பா செருப்பக் கொஞ்சம் ஓரமாப் போடச் சொல்லு. குடத்தோட வாரவ தட்டி விழணுமா?"

செண்பகவல்லி வந்து செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். அந்த ஊக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் நின்றுபோய்விடுமே என்று நான் என் குடத்தைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஊர்க்காவலன் அண்ணாச்சியைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அவரும் பட்டதாரிதான், பி.ஏ. வரலாறு. படித்து முடித்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்தார், மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பஸ் ஏறிப் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்தார், கல்யாணம் ஆன வருஷமும் போனார், பெண்டாட்டி செத்த வருஷமும் போனார், ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை. இன்டர்வியூ கார்டு வரும், வரும் என்று தபால்காரர் சைக்கிள் சத்தத்துக்கு வாசலில் வந்து நின்று நின்றே அவருக்குத் தலை நரைத்தது. கார்டு வரவே இல்லை. எங்கேயும் யாரும் அவர் பெயரைச் சொல்லி உள்ளே வா என்று கூப்பிடவில்லை. அப்படிப்பட்ட மனுஷருக்கு "அன்புள்ள ஊர்க்காவலன்" என்று எழுதினால் அவர் எப்படி வராமல் இருப்பார் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

மொத்தம் ஐந்து சுற்று. கோயிலில்கூட மூன்று சுற்றினால் சாமி விட்டுவிடும். இரண்டாவது சுற்றில் கணக்குப் பரீட்சை, அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "அன்புள்ள ஊர்க்காவலன்" என்று மறுபடியும் மெயில் வந்த அன்று கொடியில் அவருடைய அரைக்கைச் சட்டை காய்ந்தது, குளியலறைக்குள் அவருடைய இருமல் கேட்டது. பால்காரர் கேட்காமலேயே கால் லிட்டருக்குப் பதில் அரை லிட்டர் ஊற்றிவிட்டுப் போனார். அடுத்த தண்ணீர் நாளில் செண்பகவல்லி ஐந்தாவது குடத்தை வைத்தபோதுதான் பிரச்சினை வந்தது.

"செத்தவுகளுக்கும் தண்ணி உண்டாக்கும்?" என்றாள் பேச்சியம்மாள்.

வளவு கூடியது. அரை மணி நேரம் ஆளாளுக்குப் பேசினோம். குளிக்கிறார், அதனால் தண்ணீர் உண்டு என்றது ஒரு கட்சி, முழுசாகக் கண்ணில் படாத ஆளுக்குக் குடம் எதற்கு என்றது இன்னொரு கட்சி. கடைசியில் முதல் வீட்டுச் சண்முகையா, தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர், தொண்டையைச் செருமினார்.

"அவரு பேருக்குத் தபால் வருதுல்லா?"

"தபால் இல்ல மாமா, மெயிலு," என்றாள் செண்பகவல்லி.

"என்ன எழவோ ஒண்ணு. பேரு போட்டு வருதுல்லா? பேரு போட்டுத் தபால் வந்தா, அந்த வீட்ல அந்த ஆளு உண்டு. முப்பத்தஞ்சு வருசம் தபால் குடுத்தவன் சொல்றேன். நாலு குடத்த விடுங்க."

விட்டோம்.

மூன்றாவது சுற்று வீடியோ. அன்றைக்குக் காலையில் அவள் ஒவ்வொரு வீடாக வந்து, "அக்கா, பதினோரு மணிக்குக் கொஞ்ச நேரம் சத்தம் இல்லாமப் பாத்துக்கங்க" என்று கேட்டுக்கொண்டாள். மிக்ஸி, டி.வி., சண்டை எல்லாவற்றையும் நிறுத்தினோம். எனக்குத்தான் ஆவல் அடங்கவில்லை, கிண்ணம் வாங்கப் போகிறவள் மாதிரி அவள் ஜன்னல் ஓரம் போய் நின்றேன். எதிரே பேட்டி எடுக்க யாரோ இருப்பார்கள் என்று நினைத்தேன், யாருமே இல்லை. போனை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், தொண்ணூறு நொடி" என்று எழுத்து வந்தது, பிறகு அவளுடைய முகமே திரையில் வந்து அவளைப் பார்த்தது. அந்த முகத்தைப் பார்த்து அவள் சிரித்தாள், இங்கிலீஷில் வேக வேகமாகப் பேசினாள், முகம் தலையைக்கூட ஆட்டவில்லை, நொடி மட்டும் குறைந்துகொண்டே வந்து திரை அணைந்தது. அணைந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. மிச்சத்தைத் தமிழில் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு மொளகு ரசம் நல்லா வரும். ஒரு ஆளுக்கு வைக்கத்தான் தெரியல. எப்பவும் மிஞ்சிருது."

மூன்று வருஷமாக அவளிடம் யாரும் உன்னைப் பற்றிச் சொல் என்று கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு போன் கேட்டிருக்கிறது. நான் கிண்ணம் கேட்காமலேயே திரும்பி வந்தேன்.

அந்தச் சுற்றும் தேறியது. அன்று சாயங்காலம் ஊர்க்காவலன் அண்ணாச்சி முழு ஆளாக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அதே மெலிந்த கழுத்து, அதே விசில், சட்டைப் பையில் அதே பேனா. நாங்கள் போய் விசாரித்தோம், வாழ்த்தினோம். சண்முகையா அவருக்குக் கை கொடுத்தார். பேச்சியம்மாள், "எங்க மகனுக்கும் அங்க ஒரு வார்த்த சொல்லி வைங்க அண்ணாச்சி" என்றாள். நாலாவது சுற்றில் எட்டுப் பேரைத் திரையில் கட்டம் கட்டமாக உட்கார வைத்துப் பேசவிட்டார்கள், பேசியது செண்பகவல்லி, தேறியது ஊர்க்காவலன். வளவே அவரைத் தயார் செய்ய ஆரம்பித்தது. ஒருத்தர் ஷூ கொடுத்தார், ஒருத்தர் "மே ஐ கம் இன் சார்" சொல்லிக் கொடுத்தார், என் வீட்டுக்காரர் அவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தார். ஐந்தாவது சுற்று நேர்முகம், மதுரையில் ஒரு ஓட்டலில்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் செண்பகவல்லி என் அடுக்களைக்கு வந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா வந்து மாசம் ஒண்ணு ஆகப்போகுதுக்கா. மெயிலு வந்துச்சா, மெயிலு வந்துச்சா, அது ஒண்ணுதான் கேக்காரு. சாப்ட்டியான்னு ஒரு தடவகூடக் கேக்கல. தனியா இருந்தப்போகூட இப்படி இல்ல."

"பேரு தப்பா இருக்குன்னு கம்பெனிக்கு எழுதிப் போடேன்மா. ஒழச்சது நீ."

"எழுதிப் பாத்தேன். பாதி எழுதும்போதே கொடில கெடந்த சட்டையக் காணும். அழிச்சிட்டேன். திரும்ப வந்துருச்சு." சேலைத் தலைப்பு மாதிரி துப்பட்டாவை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "இந்த ஜூன் போச்சுன்னா எனக்கு வேற கம்பெனி கெடையாதுக்கா. மதுரைல வச்சு மாத்தச் சொல்லப்போறேன். அந்தப் பேரு என்னோடது இல்ல, செத்துப்போன அப்பாவோடதுன்னு காட்ட அவரோட இறப்புச் சான்றிதழ் வேணுமாம். எடுத்து வச்சிட்டேன்."

ஒரு தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். சோறு போட்டுக்கொள் என்றேன்.

மதுரையில் நடந்ததை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். பஸ்ஸில் அண்ணாச்சிக்கு ஜன்னல் ஓர சீட். எதிரே வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்து நோட்டில் நேரம் குறித்துக்கொண்டே வந்தார், நிமிஷம் தப்பாக எழுதிவிட்டால் அவர் கிறுக்க மாட்டார், மேலே ஒரே ஒரு கோடு இழுத்துச் சரியானதை எழுதி, பக்கத்தில் "ஊ" என்று சின்னதாகக் கையெழுத்துப் போடுவார், அது டைம் கீப்பர்களின் பழக்கம். அவள் மடியில் ஃபைல். ஃபைலுக்குள் சான்றிதழ்களுக்கெல்லாம் அடியில் அந்தக் காகிதம். சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் எல்லாம் தாண்டும்வரை அவள் அதை வெளியே எடுக்கவில்லை.

ஓட்டல் ஹாலில் வரிசையாக நாற்காலி, ஃபைலும் கையுமாக அவள் வயசுப் பிள்ளைகள். மேசையில் இருந்த பெண் பட்டியலைப் பார்த்து ஒரு பேட்ஜை எடுத்து வைத்தாள். இரண்டு ஆளுக்கு ஒரே பேட்ஜ். அதில் பெரிய எழுத்தில் ஊர்க்காவலன் என்று இருந்தது.

"பேர்ல ஏதாவது கரெக்‌ஷன் இருந்தா இப்பவே சொல்லிடுங்க மேடம். உள்ள போயாச்சுன்னா மாத்த முடியாது."

செண்பகவல்லி ஃபைலைத் திறந்து அடியில் இருந்த காகிதத்தைத் தொட்டுவிட்டாள். தொட்டுக்கொண்டே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பேட்ஜை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டிருந்தார். ஊக்கு விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வந்தது, அதை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, பெயர் நேராக இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு," என்றாள் செண்பகவல்லி. ஃபைலை மூடிவிட்டாள்.

போய் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது. கதவு திறந்து ஒரு குரல், "ஊர்க்காவலன்!" என்றது. அவர் எழுந்திருக்கவில்லை.

"அப்பா, கூப்பிடுதாங்க."

"இருக்கட்டும் தாயி. இன்னொரு தடவ கூப்பிடட்டும்."

"மிஸ்டர் ஊர்க்காவலன்!"

அவர் எழுந்தார். கண் நிறைந்திருந்தது. வேட்டி கட்டியே பழகியவர், பேண்ட்டின் மடிப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, விசிலைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகவேண்டியது தான்தான், போகாமல் விட்டதும் தான்தான் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் அறுபது பேர், அதில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது, பட்டியலிலும் இருந்தது அப்பா பெயர்தான். ஊருக்குத் திரும்பினால் கம்ப்யூட்டர் சென்டரில் யாருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பப் பாக்கி என்று அங்கே உட்கார்ந்தே யோசித்துப் பார்த்தாளாம். அந்த இருபது நிமிஷம் மாதிரி ஒரு தனிமையை அப்பா செத்த அன்றுகூடப் பார்க்கவில்லை என்று சொன்னபோது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

கதவு திறந்தது. யாரும் வெளியே வரவில்லை. கூப்பிடுகிற குரல் மட்டும் ஒரு காகிதத்தைப் பார்த்துத் தடுமாறியது.

"செண்பகவல்லி... ஊ. செண்பகவல்லி யாருங்க?"

அறுபது பேரில் ஒருத்தன் "ஊ" என்று மெல்லச் சிரித்தான். "உள்ளேன்" என்று எழுந்துவிட்டாள் இவள்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள், எதிரே காலி நாற்காலி, மேசைமேல் பேட்ஜ். பக்கத்தில் அவளுடைய விண்ணப்பம். அதில் லாஸ்ட் நேம் கட்டத்தில் ஊர்க்காவலன் என்ற பெயருக்கு மேலே ஒரே ஒரு கோடு, கிறுக்கல் கிடையாது. அதற்கு மேலே அழகான கையெழுத்தில் "ஊ. செண்பகவல்லி". ஓரத்தில் சின்னதாக "ஊ".

நடுவில் இருந்த கண்ணாடிக்காரர் சலித்துக்கொண்டார். "இப்ப வந்தவர் நல்லாப் பேசினாருங்க. அவரை எடுத்துடலாம்னு மூணு பேரும் முடிவு பண்ணிச் சொல்லியும் ஆச்சு. சேர முடியாதுன்னுட்டாரு. ரெண்டு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க, அது போதும்னாரு. அடுத்து இவங்களப் பாருங்கன்னு இத எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு."

"எந்தப் பக்கம் போனாரு சார்?"

அவர் அதைக் கேட்டமாதிரி தெரியவில்லை. காகிதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு," என்று கண்ணாடியைக் கழற்றினார். "சாப்பிட்டீங்களா?"

நாற்பது கம்பெனியின் கேள்விகளுக்கும் பதில் மனப்பாடமாக வைத்திருந்த பெண்ணுக்கு இதற்குப் பதில் சொல்ல வெகுநேரம் ஆனது. அவர்கள் காத்திருந்தார்கள். அந்த அறையில் நொடி ஓடும் திரை எதுவும் இல்லை.

ஒரு வாரத்தில் மெயில் வந்தது, "அன்புள்ள செண்பகவல்லி" என்று. அடுத்த தண்ணீர் நாளில் வாசலில் செருப்பு இல்லை. பால்காரர் கால் லிட்டர் ஊற்றினார். குழாயடியில் பேச்சியம்மாள் மூன்றாம் வீட்டுக்கு வழக்கம்போல எட்டுக் குடம் விட்டுவிட்டு அவள் எடுக்கட்டும் என்று நின்றாள், செண்பகவல்லிதான் நாலு குடத்தைத் தூக்கி எங்கள் வரிசையில் வைத்தாள். அன்று அவள் எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். இன்னும் நாலு வீட்டிலும் கூப்பிட்டார்கள், போகப்போகிற பெண்ணைக் கூப்பிடுவது நமக்குச் சுலபம்தானே. மறுநாள் ஒரு பெட்டியும் அந்த விசிலுமாக ரயில் ஏறிவிட்டாள்.

சென்னையில் ஒரு ஹாஸ்டலில் இருக்கிறாள். அறைக்கு நாலு பேர், நாலு பேருக்கும் வேறுவேறு ஷிஃப்ட், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதே அபூர்வமாம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நான் போன் போடுவேன். எடுத்ததும் சாப்பிட்டியா என்று கேட்பேன். சில வாரம் உடனே சொல்வாள், சில வாரம் பேச்சில்லாமல் மூச்சுச் சத்தம் மட்டும் வரும், நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருப்பேன்.

போன வாரம் ஆபீசில் கழுத்தில் மாட்டுகிற கார்டு கொடுத்தார்களாம். சொல்லி எழுதி வாங்கியிருக்கிறாள், "ஊ. செண்பகவல்லி" என்று, புள்ளியோடு. பக்கத்து சீட்டுப் பெண், வடக்கே படித்தவள், அதைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாள்.

"ஊ-ன்னா என்ன?"

"ஊர்க்காவலன். எங்கப்பா. எனக்கு முன்னாடி இந்த வேல அவருக்குத்தான் கெடச்சது. அவரு சேரல."